நைன் எம்எம் பிஸ்டல் ஏன் இடது பக்கம் கீழே சுடுகிறது?

ஹட்டன் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கண்டியில் வேலை, ஒரு வருடமாக ஒரு கழகத்தில் சேர்ந்து குறி சுடுகிறார். 10 மீற்றர் ஏர் பிஸ்டலில் எட்டு, ஒன்பது புள்ளி என்று விழுகிறதாம். சின்ன ரவை போடும் பொயின்ட் டூ டூ (.22) பிஸ்டலுக்கு மாறினால் கொஞ்சம் சிதறுகிறது. கழகத்து நைன் எம்எம்மைக் கையில் எடுத்தால் எல்லாமே இடது பக்கம் கீழே போகிறது. குறி பார்க்கும் பின் சைட்டைத் திருப்பலாமா, ஒரே நாளில் நாலு விதமான பிஸ்டலைச் சுடுவது பிழையா, அடுத்த மாதம் நுவரெலியாவில் சுடும்போது அந்தக் குளிரில் தன்னுடைய ஏர் பிஸ்டல், காபனீரொட்சைட்டு வாயுவால் சுடும் சிஓடூ பிஸ்டல், ஒழுங்காக வேலை செய்யுமா என்று மூன்று கேள்வி.

தம்பி, சைட்டைத் தொடாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதிலை வாசித்து முடிக்க முன்னமே ஸ்க்ரூ டிரைவரைத் தேடிப் போகிறவர்களை எனக்குத் தெரியும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். பாடசாலை அணியில் ரைபிளில் தொடங்கி, பிறகு பிஸ்டலுக்கு வந்தவன் நான். முதன்முதலில் நைன் எம்எம் சுட்ட மாதம், சூடு இடது பக்கம் போகிறது என்று பின் சைட்டை வலது பக்கம் நகர்த்தினேன். அடுத்த கிழமை இன்னும் கொஞ்சம். மூன்றாம் கிழமை எங்கள் பயிற்றுநர் அதே பிஸ்டலை வாங்கி ஐந்து ரவை சுட்டார். ஐந்தும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையால் மூடிவிடக்கூடிய அளவுக்கு நெருக்கமாக, குறி அட்டையின் நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தின் வலது ஓரத்தில் போய் உட்கார்ந்தன. அவர் ஒன்றும் பேசவில்லை. பிஸ்டலைக் காலி செய்து, திறந்து காட்டி, மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சைட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர எனக்கு அன்று முழுக்கப் போனது.

ஆகவே முதல் வேலை, உங்களைவிட நன்றாகச் சுடும் ஒருவரிடம் அந்தப் பிஸ்டலைக் கொடுத்து, கையை மணல் மூட்டையில் தாங்கி ஐந்து சூடு சுடச் சொல்வது. அவருக்கும் இடது பக்கம் கீழேதான் விழுந்தால் சைட்டைப் பார்ப்போம். நடுவில் விழுந்தால் பிஸ்டலில் பிழை இல்லை. பத்துக்கு ஒன்பது தடவை நடுவில்தான் விழும்.

சரி, ஏர் பிஸ்டலில் ஒன்பது சுடும் கை நைன் எம்எம்மில் ஏன் இப்படிக் கெட்டுப்போகிறது? உண்மையில் கெட்டுப்போவதில்லை. இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. இதை யாரும் எனக்கு ஆரம்பத்தில் சொல்லித் தரவில்லை, சொல்லியிருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும்.

பிஸ்டல் இரண்டு விதமாக ஆடும். முன் சைட்டும் பின் சைட்டும் ஒன்றுக்கொன்று நேராகவே இருக்க, கை முழுதும் மெல்ல அசைவது ஒன்று. மணிக்கட்டோ விரலோ திருகி, பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் ஒரு பக்கம் ஒதுங்குவது மற்றது. முதல் ஆட்டத்தைக் கண்டுதான் புதியவர்கள் பயப்படுவார்கள். புள்ளியின் உயிரைக் குடிப்பது இரண்டாவது ஆட்டம்.

ஏர் பிஸ்டலில் இரண்டு சைட்டுக்கும் இடையே சுமார் 320 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீற்றர் தூரம் அதைப்போல 31 மடங்கு. எனவே முன் சைட் 1 மில்லிமீற்றர் ஒதுங்கினால் அட்டையில் சூடு 31 மில்லிமீற்றர் விலகும். 10 மீற்றர் அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டம் வெறும் 11.5 மில்லிமீற்றர். அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மில்லிமீற்றர் அகலம். கூட்டிப் பாருங்கள், ஏழு கிடைக்கும். ஆனால் சைட் இரண்டும் நேராக இருக்க, கை மட்டும் 1 சென்ரிமீற்றர் நகர்ந்திருந்தால் சூடும் அதே 1 சென்ரிமீற்றர்தான் நகரும். அது ஒன்பது. பத்து மடங்கு பெரிய அசைவு, இருந்தும் இரண்டு புள்ளி கூட.

இப்போது 25 மீற்றருக்குப் போவோம். போட்டி .22 பிஸ்டலில் சைட் இடைவெளி 220 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதே 1 மில்லிமீற்றர் பிழை அங்கே 114 மில்லிமீற்றராக விரியும். க்ளொக் 17 போன்ற நைன் எம்எம்மில் இடைவெளி 165 மில்லிமீற்றர்தான், ஆகவே பிழை 152 மில்லிமீற்றர். துல்லியச் சுடலுக்கான 25 மீற்றர் அட்டையில் பத்தாம் வளையம் 50 மில்லிமீற்றர் விட்டம், மற்ற வளையங்கள் 25 மில்லிமீற்றர் அகலம். ஏர் பிஸ்டலில் ஏழு வாங்கிய அதே பிழைக்கு .22 ஆறு கொடுக்கும், நைன் எம்எம் ஐந்து கொடுக்கும். உங்கள் சிதறல் புதிதாக வந்ததல்ல, ஏர் பிஸ்டலில் அது ஒளிந்துகொண்டிருந்தது.

இதனால்தான் கண்ணை முன் சைட்டில் வைக்கச் சொல்கிறோம். அட்டை மங்கலாகத் தெரியட்டும். கறுப்பு வட்டம் பஞ்சு மாதிரித் தெரிந்தால் சரியாகப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். இதைப் பழக ஒரு வழி, அட்டையைத் திருப்பிப் போட்டு வெள்ளைப் பக்கத்தைச் சுடுவது. குறி வைக்க அங்கே எதுவும் இல்லாததால் கண் தானாக சைட்டுக்குத் திரும்பிவிடும். பத்து சூடு சுட்டுவிட்டு, துளைகள் விழுந்த கூட்டத்தைப் பாருங்கள். வெள்ளை அட்டையில் கூட்டம் சுருங்கினால், இவ்வளவு நாளும் கண் எங்கே இருந்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது இடது பக்கம் கீழே என்ற விஷயம். நீங்கள் வலது கைக்காரர் என்று எடுத்துக்கொள்கிறேன். இடது கைக்காரருக்கு இதே பிழை வலது பக்கம் கீழே விழும். ஏர் பிஸ்டலின் ட்ரிகரில் குறைந்தது 500 கிராம் பாரம் இருக்க வேண்டும் என்பது விதி, பெரும்பாலானோர் அதற்குச் சற்று மேலேதான் வைத்திருப்பார்கள். போட்டி .22க்கு 1000 கிராம். கழகத்து நைன் எம்எம்மில் இரண்டரைக் கிலோ இருக்கலாம். ரவை நிரப்பினாலும் ஒரு கிலோவுக்கு உள்ளே நிற்கிற பிஸ்டலை இரண்டரைக் கிலோ விசையோடு இழுக்கிறீர்கள். விரல் தனியாக இழுத்தால் பிரச்சினை இல்லை. ஆனால் பாரம் கூடியதும் மற்ற மூன்று விரலும் உதவிக்கு வந்து சேர்ந்து இறுக்கும். பசுவின் மடியைப் பிடிக்கிற மாதிரி கை முழுதும் சுருங்கும். முனை கீழே, இடது பக்கம் போகும். இது ஒரு பாதி.

மறுபாதி உதைப்பை எதிர்பார்ப்பது. வெடிக்கப் போகிறது என்று மூளைக்குத் தெரிந்ததும், வெடிக்கிறதற்கு ஒரு கணம் முன்னமே மணிக்கட்டு முனையைக் கீழே அழுத்திவிடும். உதைப்பால் சூடு மேலே போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கை எழும்புவது உங்களுக்குத் தெரியும் நேரத்தில் ரவை குழாயை விட்டுப் போய்விட்டது. அட்டையைக் கெடுப்பது உதைப்பு இல்லை, உதைப்புக்கான பயம். வீரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கண் இமைப்பதைப் போன்றது. எனக்கும் இன்னும் வரும், நீண்ட இடைவெளிக்குப் பிறகு சுடும் நாளில் கட்டாயம் வரும்.

இதற்கு மருந்து உங்கள் கழகத்தின் மூலையில் யாரும் தொடாமல் கிடக்கிற அந்தப் பழைய .38 ரிவோல்வர். நீங்கள் அதை "மியூசியச் சாமான்" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரே ஒரு பயிற்சித் துவக்கு வைத்திருக்க அனுமதி என்றால் அதைத்தான் கேட்பேன். ஆறு அறையில் இரண்டிலோ மூன்றிலோ மட்டும் ரவை, மற்றதில் சுட்டு முடிந்த வெற்றுக் கோது. நண்பர் ஒருவர் நிரப்பி, உருளையைச் சுற்றி மூடிக் கொடுக்க வேண்டும், எந்த அறையில் என்ன என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. சுடுங்கள். வெற்றுக் கோது வரும்போது 'டிக்' என்று மட்டும் கேட்கும், ஆனால் முனை ஒரு குத்துக் குத்திக் கீழே போவதை நீங்களே கண்ணால் பார்ப்பீர்கள். முதல் நாள் வெட்கமாக இருக்கும். நண்பர் சிரிப்பார். முனை அசையாமல் தொடர்ந்து பத்து 'டிக்' வரும்வரை வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

அதே ரிவோல்வரில், சுத்தியலைப் பின்னுக்கு இழுக்காமல் ட்ரிகரால் மட்டுமே முழுதாக இழுத்துச் சுட்டால் பாரம் நாலரை, ஐந்து கிலோ வரும். அதை ரவை இல்லாமல், முன் சைட்டுக்குப் பக்கத்தில் குழாயின் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து இழுத்துப் பாருங்கள். காசு விழாமல் இழுக்கப் பழகிய விரலுக்கு நைன் எம்எம்மின் ட்ரிகர் வெண்ணெய் மாதிரி.

இங்கே ஒரு இடைச்செருகல். எங்கள் பக்கத்தில் பயிற்சி கொடுக்க வருகிற சிலர் மலைநாட்டுப் பிள்ளைகளிடம், "கொழுந்து கிள்ளுற விரல்தானே, அதே மாதிரி ட்ரிகரை இழு" என்பார்கள். கேட்க அழகாக இருக்கும். சொல்கிறவர் ஒரு நாளும் கொழுந்து கிள்ளியதில்லை என்பது மட்டும் நிச்சயம். கொழுந்து கிள்ளுவது ஒரு வெட்டு, ஒரு சொடக்கு. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து படக்கென்று ஒடிக்கும், நிறை காட்ட வேண்டுமே, மெல்ல இழுத்துக்கொண்டிருந்தால் நாள் சம்பளத்துக்குப் பேர் விழுமா? ட்ரிகருக்கு அது நேர் எதிர். அம்மாவிடமிருந்து கற்க வேண்டியது வேறு, கூடையோடு சரிவில் நிற்கிற அந்த நிலை. பாரம் இடுப்பெலும்பில் இறங்கி, முழங்கால் பூட்டாமல், பாதம் தரையைப் பிடித்து நிற்பார்கள். ஒற்றைக் கையால் பிஸ்டல் பிடிப்பவர் அப்படித்தான் நிற்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி, ஒரே நாளில் எல்லாவற்றையும் சுடுவது. பிழையில்லை, வரிசைதான் முக்கியம். புதியவர்கள் ரேன்ஜுக்கு வந்ததும் பெரியதை எடுப்பார்கள், கை நடுங்கிய பிறகு ஏர் பிஸ்டலுக்கு வருவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். முதல் கால் மணி நேரம் ரவையே இல்லை, ட்ரை ஃபயர் மட்டும். பிறகு ஏர் பிஸ்டலில் நாற்பது சூடு. போட்டியில் 60 சூட்டுக்கு, மின்னணு இலக்கு என்றால், 75 நிமிடம் தருவார்கள், அதாவது ஒரு சூட்டுக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல். அந்த நிதானத்தோடு சுடுங்கள், சரியில்லை என்று தோன்றினால் கையை இறக்கிவிடுங்கள். அதன் பிறகு .22இல் முப்பது. நைன் எம்எம்மோ .38ஓ கடைசியில், பத்தோ பதினைந்தோ போதும், அதிலும் கொஞ்சம் வெற்றுக் கோதோடு. கடைசி ஐந்து சூட்டுக்குத் திரும்பவும் ஏர் பிஸ்டலை எடுங்கள். பெரிய பிஸ்டலில் தொற்றிய கெட்ட பழக்கம் ஏதாவது இருந்தால் அந்த ஐந்தில் தெரிந்துவிடும். ரவை விலையைப் பார்த்தாலும் இதுதான் கட்டுப்படியாகும்.

ஒவ்வொரு சூட்டுக்கும் அட்டையைப் பார்க்க முன், எங்கே விழுந்திருக்கும் என்று மனதுக்குள் சொல்லுங்கள். கடிகார முள்ளின் திசையை வைத்து "மூன்று மணி, எட்டு" என்று சொல்லிவிட்டுப் பார்த்தால் மூன்று மணி எட்டாகவே இருக்கும் நாள் வரும். சொன்னதும் விழுந்ததும் ஒத்துப்போனால், எட்டு வந்தாலும் அது நல்ல சூடு. கொப்பியில் இரண்டையும் எழுதி வையுங்கள். பிஸ்டலுக்கு ஒரு பக்கம்.

ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும்போது கையின் இடம் மாறும், அதை மறந்தால் காயம் வரும். நைன் எம்எம்மை இரண்டு கையாலும் பிடித்தால் இரண்டு பெருவிரலும் இடது பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்க வேண்டும். பின்னுக்குக் குறுக்காகப் போட்டால் சுட்டதும் பின்னுக்கு ஓடிவரும் மேற்பகுதியான ஸ்லைட் வந்து தோலைக் கிழிக்கும். அதே பெருவிரல்களை ரிவோல்வரில் முன்னுக்கு நீட்டினால் உருளைக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள இடைவெளியால் பீறிடும் சூடான வாயு சுட்டுவிடும். .22ஐ வெறும் அறையோடு ட்ரை ஃபயர் செய்யாதீர்கள், பல மாடல்களில் ஊசி அறையின் விளிம்பில் அடித்து அதைக் கெடுக்கும். சுட்ட கோது ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏர் பிஸ்டலில் குண்டு விநாடிக்கு 150 மீற்றர் அளவில்தான் போகிறது, நைன் எம்எம்மில் 350ஐத் தாண்டும். குண்டு குழாயை விட்டு வெளியேற ஏர் பிஸ்டலில் நேரம் கூட எடுக்கும் என்பதால், சுட்ட பிறகும் ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரம் சைட்டைப் பார்த்தபடி அப்படியே நில்லுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. முனை எப்போதும் அட்டைப் பக்கம், விரல் ட்ரிகருக்கு வெளியே என்பதெல்லாம் உங்கள் கழகத்தில் சொல்லியிருப்பார்கள். அதிகம் சொல்லப்படாதது இரண்டு. ட்ரிகரை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்க வேண்டாம், முனையை அட்டைப் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருங்கள், தாமதித்து வெடிக்கக்கூடும். வழக்கமான சத்தத்துக்குப் பதில் 'புஸ்' என்று மெலிதாகக் கேட்டால் அடுத்ததைச் சுடவே வேண்டாம். ரவை குழாயிலேயே சிக்கியிருக்கலாம், அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழாய் வெடிக்கும். இறக்கிவிட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். காதை மூடாமல் .22கூடச் சுட வேண்டாம். சுட்டு முடிந்ததும் சாப்பாட்டுக்குப் போக முன் சவர்க்காரம் போட்டுப் பச்சைத் தண்ணியில் கை கழுவுங்கள், ஈயம் கையிலிருந்து வாய்க்குப் போகும்.

சொந்தமாகப் பிஸ்டல் வாங்கும் எண்ணத்தை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். நம் இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பது பாரிய குற்றம். ஏர் பிஸ்டல்தானே, விளையாட்டுச் சாமான்தானே என்று வெளிநாட்டிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து மாட்டியவர்கள் உண்டு. கழகத்துப் பிஸ்டல் கழகத்திலேயே இருக்கட்டும். நுவரெலியாவுக்குக் கொண்டுபோவதும் பொறுப்பாளர் கடிதங்களோடு கொண்டுபோக வேண்டியது, உங்கள் தோள் பையில் பஸ்ஸில் போக வேண்டியதல்ல. நம் ஆட்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். 2009க்கு முந்திய வருடங்களில் மலைநாட்டுத் தமிழ்ப் பையன் ஒருவன் குறி சுடுகிறேன் என்று வாய் திறந்து சொல்லவே தயங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கும் முன்னால், வெள்ளைக்காரத் துரைமாருக்கென்று 1900இல் கண்டியைத் தலைமையிடமாக வைத்து ஒரு ரைபிள் படையே இருந்தது, 1949இல்தான் கலைத்தார்கள். துரைமார் குறி சுட்டார்கள், லயத்தில் துவக்கு என்றால் பன்றிக்கு வைக்கிற கட்டுத்துவக்கும் அதில் கால் போனவரும்தான். இன்று நீங்கள் உங்கள் பெயரில் சுட்ட அட்டையை வீட்டுச் சுவரில் ஒட்டுகிறீர்கள். காகிதங்களை ஒழுங்காக வைத்திருங்கள்.

கடைசியாக, குளிர். சிஓடூ சிலிண்டருக்குள் இருப்பது திரவம், அதன் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. 20 பாகை செல்சியஸில் சுமார் 57 பார், 10 பாகையில் சுமார் 45 பார். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம், காலையில் 10 பாகை அங்கே அதிசயமில்லை. ஆகவே குண்டின் வேகம் குறையும், உண்மைதான். எவ்வளவு பாதிக்கும்? 150 மீற்றர் வேகம் 140 ஆகக் குறைந்தால், 10 மீற்றர் தூரத்தில் குண்டு கூடுதலாக விழுவது ஏறத்தாழ 3 மில்லிமீற்றர். அரை வளையம்கூட இல்லை. குளிரில் ஏழு விழுந்தது என்று யாராவது சொன்னால், சிலிண்டரில் அல்ல, அவர் விரலில் குளிர் ஏறியிருக்கிறது. விறைத்த விரலுக்கு 500 கிராமும் தெரியாது, 1000 கிராமும் தெரியாது. வரிசைக்குப் போகும்வரை கம்பளிக் கையுறை போடுங்கள். கையைச் சூடாக்குகிறேன் என்று மூன்று கோப்பை சாயத் தேத்தண்ணி குடிக்காதீர்கள், நடுக்கம் கூடும். ஒன்று போதும், கோப்பையைப் பிடித்துக்கொண்டிருப்பதில்தான் பாதிப் பலன்.

அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ஒழுங்குபடுத்தியுடன் (ரெகுலேட்டர்) வரும் அழுத்தக் காற்றுப் பிஸ்டல்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, புதிய போட்டிப் பிஸ்டல்கள் பெரும்பாலும் அவைதான். உங்களிடம் இருப்பது சிஓடூ என்பதால், போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறந்து ஒரு மணி நேரம் அந்த அறையின் குளிருக்குப் பழக விடுங்கள், ஒரு சூட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே அரை நிமிடம் கொடுங்கள், பயிற்சிச் சூடுகளில் கூட்டம் எங்கே விழுகிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் அன்றைக்கு மட்டும் பின் சைட்டை ஒரு 'கிளிக்' மேலே ஏற்றுங்கள். ஆமாம், அங்கே தொடலாம். ஆனால் சிலிண்டரை அடுப்புப் பக்கத்தில் வைத்துச் சூடாக்குகிற வேலை வேண்டவே வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் அதை விறகடுப்புத் திண்ணையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நல்ல காலம், அவருடைய மனைவி கண்டு எடுத்து வெளியே புல்லில் வைத்தார். நிரம்பிய சிலிண்டரில் வெப்பம் ஏற ஏற அழுத்தம் தாறுமாறாக ஏறும்.

திரும்பி வரும்போது இன்னொன்று. குளிர்ந்த இரும்பைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் உடனே வியர்க்கும், கண்ணாடிக் கோப்பையில் ஐஸ் போட்ட மாதிரி. அப்படியே உறைக்குள் போட்டு மூடினால், அதுவும் தோலுறை என்றால், மழைக்காலத்து ஹட்டனில் மூன்றே நாளில் துரு பிடிக்கும். கழகத்துக்குத் திரும்பியதும் பெட்டியைத் திறந்து வைத்து, வியர்வை காய்ந்த பிறகு மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, அதன் பிறகு பூட்டச் சொல்லுங்கள். ரிவோல்வரையும் ஒரு கை பார்த்துவிடச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னதைப் பார்த்தால் அது ஒரு வருடமாக எண்ணெயே காணவில்லை.